ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகுதான்: வரி அகேட்டை அடையாளம் கண்டு மதிப்புப் போட முழுமையான வழிகாட்டி

வரி வரியாக இருக்கிற ஒரு கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள், சாதாரணக் கூழாங்கல்கூட மினுமினுவென்று ஆளை மயக்கும். பத்து நிமிடம் கழித்து, காய்ந்த பிறகும், அதே முகத்தோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அகேட் சேகரிக்க ஆரம்பிக்கிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஈரமாக வைத்து எடுத்த படம், எண்ணெய் தடவிய மேற்பரப்பு, பின்னாலிருந்து அடிக்கும் விளக்கு, இந்த மூன்றும் சேர்ந்தால் சுமாரான கல்லுக்கும் பெரிய விலை சொல்லிவிடலாம். அதனால் கீழே எத்தனை படி இருந்தாலும் அடிப்படைப் பழக்கம் ஒன்றுதான்: முதலில் கல்லைக் காயவிடுங்கள், அப்புறம் விலை பேசுங்கள்.

நானும் சுட்டுக்கொண்டவன்தான். முதன்முதலில் ஆசைப்பட்டு வாங்கியது உள்ளங்கை அகல வில்லை ஒன்று, மயில்கழுத்து நீலம், நடுவில் படிகங்கள். விற்றவர் சத்தியம் பண்ணாத குறையாக "இயற்கை நிறம்" என்றார். அதன் கதையைச் சாயம் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அகேட்டைக் கோமேதகம் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு, கோமேதகம் கார்னெட் குடும்பத்துக் கல். அகேட்டின் உறவினர்களாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடியவை சுலைமானி, அகீக் என்ற பெயர்கள், அந்தப் பெயர்களில் வருபவை பொதுவாக இதே கால்சிடனி (நுண்ணிய குவார்ட்ஸ்) இனத்தைச் சேர்ந்தவை. கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், சிசிலித் தீவின் அகாடீஸ் ஆற்றங்கரையில் கிடைத்ததால் அகேட்டுக்கு இந்தப் பெயர் என்று எழுதி வைத்தார், அந்த ஆற்றுக்கு இன்றைய பெயர் டிரில்லோ.

அகேட் என்றால் சரியாக என்ன

குவார்ட்ஸ்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற படிகமாக இல்லாமல், நுண்ணிய இழைகளாக நெருக்கி வளர்ந்த குவார்ட்ஸ், கொஞ்சம் மோகனைட் என்ற அதன் சகோதரக் கனிமத்தோடு. இதற்குப் பொதுப் பெயர் கால்சிடனி. அந்தக் கால்சிடனி வரிவரியாக இருந்தால் அகேட். அவ்வளவுதான் இலக்கணம். வரி இல்லாத சிவப்புக் கல் கார்னீலியன், ஒளியே புகாமல் அடைத்துக்கொண்டு இருந்தால் ஜாஸ்பர். பாசி மாதிரிப் பச்சை நூல்கள் மிதக்கும் "மாஸ் அகேட்" கண்டிப்பான அர்த்தத்தில் வரி அகேட்டே இல்லை, பழக்கத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெரும்பாலான அகேட் எரிமலைப் பாறையின் வயிற்றில் பிறந்தது. குழம்பு உறையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயுக் குமிழிகள் ஓட்டைகளாக நின்றுவிட, பின்னால் சிலிக்கா கலந்த நீர் அந்த ஓட்டைக்குள் புகுந்து சுவரை ஒட்டி உள்நோக்கிப் படிந்தது. வரிகள் எப்படி இவ்வளவு ஒழுங்காக உருவாயின என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நமக்கு அது தேவையில்லை. நமக்குத் தேவையானது ஒன்றுதான்: வரிகள் பெரும்பாலும் ஓட்டையின் சுவரைப் பின்பற்றும் (விதிவிலக்கான நீர்மட்ட வகை எட்டாம் படியில் வருகிறது). கல்லின் வெளிவடிவம் எங்கே உள்ளே குழிகிறதோ அங்கே வரியும் குழியும். போலியைப் பிடிக்க இதைவிட நல்ல துப்பு கிடையாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பத்து மடங்கு லென்ஸ், சின்ன எல்இடி டார்ச், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, நூல், வெள்ளை வினிகர், அசிட்டோன், கொஞ்சம் பஞ்சு, வெள்ளைக் காகிதம், புற ஊதா டார்ச் இருந்தால் நல்லது. நுண்ணோக்கி, ஆய்வக அறிக்கை எல்லாம் அகேட்டுக்குப் பெரும்பாலும் வேண்டாத செலவு.

முதல் படி: காய்ந்த கல்லை, பகல் வெளிச்சத்தில், சும்மா பாருங்கள்

வெட்டாத கல்லாக இருந்தால் தோலைப் பாருங்கள். அகேட் முண்டுகளின் (வெட்டாத உருண்டைக் கட்டிகளின்) வெளிப்பரப்பு பெரும்பாலும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருக்கும், சுற்றியிருந்த பாறையின் அச்சு அது. சிலவற்றில் பச்சையான மெல்லிய தோல், சிலவற்றில் துருப்பிடித்த மஞ்சள். எங்காவது ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் அந்த இடத்தைக் கவனியுங்கள்: உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் போல வளைந்து, மெழுகு தேய்த்ததுபோன்ற மந்தமான பளபளப்போடு இருக்கும். கண்ணாடி உடைந்தாலும் சிப்பி வளைவுதான் வரும், ஆனால் அதன் பளபளப்பு கண்ணைக் குத்தும். மெழுகா கண்ணாடியா என்று பிரிக்கப் பத்துப் பதினைந்து கல் பார்த்தால் கண் பழகிவிடும்.

ஆற்றில் உருண்டு வந்த கல்லில் குழிகள் தேய்ந்து போயிருக்கும். அதற்குப் பதிலாக, மோதி மோதி உண்டான பிறை வடிவக் கீறல்கள் நகம் நகமாகத் தெரியும்.

இரண்டாம் படி: டார்ச்

டார்ச்சைக் கல்லின் பின்புறம் ஒட்டிப் பிடியுங்கள், அறை இருட்டாக இருக்கட்டும். அகேட்டாக இருந்தால் மெல்லிய ஓரத்திலாவது ஒளி உள்ளே ஊறும். வெளிச்சம் ஒரே சீராகப் பரவாமல், ஒரு வரி பளிச்சென்றும் அடுத்தது பால் மாதிரி மங்கியும் மாறி மாறி வரும். ஜாஸ்பர் கறுப்பாகவே நிற்கும். கண்ணாடி என்றால் அடுத்த பக்கம் வரை ஒரே மூச்சில் ஒளி பாயும்.

இந்தப் படியில் அதிகம் மயங்காதீர்கள். பின்னொளியில் ஆளைத் தூக்கும் கல், பின்னொளி இல்லாமல் வெறும் சாம்பல் கட்டியாக இருக்கலாம். அடையாளம் காணத்தான் டார்ச், மதிப்புப் போட அல்ல. அலமாரியில் அது பின்னொளியோடா உட்காரப்போகிறது?

மூன்றாம் படி: லென்ஸ்

எனக்குப் பிடித்த படி இது. ஒரே ஒரு வெள்ளை வரியைத் தேர்ந்தெடுத்து லென்ஸில் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த வரிக்குள் இன்னும் ஏழெட்டு வரிகள் இருக்கும், அவற்றில் சில முடியைவிட மெல்லியவை. ஒவ்வொன்றும் பக்கத்து வரியின் நெளிவை அப்படியே படியெடுத்திருக்கும். ஒரு மூலையில் கோணம் திரும்பினால் அத்தனை வரிகளும் அதே மூலையில் திரும்பும். கண்ணாடிப் போலியில் இது நடக்காது. அங்கே நிறங்கள் கலக்கிய பெயின்ட் மாதிரி சுழித்து ஓடும், ஒன்று தடித்து ஒன்று மெலிந்து நடுவில் காணாமல் போகும், நல்ல உருண்டையான குமிழிகளும் சிக்கும். உருண்டைக் குமிழி ஒன்று கண்ணில் பட்டாலே கல்லைக் கீழே வைத்துவிடலாம்.

வில்லையாக இருந்தால் திருப்பிப் பாருங்கள். முன்பக்க வரி வில்லையின் தடிமன் வழியாக இறங்கிப் பின்பக்கம் வெளிவர வேண்டும், கொஞ்சம் சாய்ந்து வந்தாலும் பரவாயில்லை. ஓரத்தில் வரியே இல்லையென்றால் மேலே அச்சடித்த பொருள்.

நான்காம் படி: கடினமும் வினிகரும்

அகேட்டின் கடினம் மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துவது) 6.5 முதல் 7. சாதாரண ஜன்னல் கண்ணாடி 5.5 சுமார், அதனால் கல்லின் ஓரம் கண்ணாடியைக் கீறும். பேனாக்கத்தி அகேட்டில் பள்ளம் போடாது, சாம்பல் நிறத்தில் கத்தியின் உலோகம்தான் கோடாகப் படியும், விரலால் தேய்த்தால் போய்விடும். பாலிஷ் போட்ட முகத்தில் இந்த விளையாட்டு வேண்டாம், பின்பக்கத்தில் மறைவான மூலையில் மட்டும். வாங்காத கல்லில் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம்.

அதிகம் ஆள்மாறாட்டம் செய்வது வரியோடிய கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். "ஓனிக்ஸ்" என்ற பெயரில் பூச்சாடி, சாம்பல் கிண்ணம், விளக்குத் தண்டு என்று வருவதில் மிகப் பெரும்பகுதி இதுதான். தேன் நிறம், பச்சை, அகலமான மென்மையான வரிகள். பார்க்க அழகு, ஆனால் கடினம் வெறும் 3, கத்தி வெண்ணெய் மாதிரி இறங்கும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு வினிகர் வைத்து லென்ஸில் பாருங்கள், பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பினால் கால்சைட். அகேட் அசையாது. சோதனை முடிந்ததும் தண்ணீரில் அலசிவிடுங்கள், கால்சைட்டாக இருந்தால் அந்த இடம் மங்கிப்போகும், அது உங்கள் கல் என்றால் உங்கள் பாடு.

ஐந்தாம் படி: எடை போட்டுப் பார்ப்பது

அகேட்டின் ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு எடை என்பது, 2.58க்கும் 2.64க்கும் இடையில். வீட்டிலேயே அளக்கலாம். கல்லை முதலில் உலர்வாக எடை போடுங்கள், 130 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தராசின் மேல் ஒரு டப்பாவில் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண், உதாரணமாக 50, கல்லின் கன அளவு. 130-ஐ 50-ஆல் வகுத்தால் 2.6, அகேட்டுக்குச் சரி. கால்சைட் 2.71 காட்டும், ரெசின் என்ற பிளாஸ்டிக் போலி 1.5-க்கும் கீழே விழும். கண்ணாடி மட்டும் சில நேரம் இதே இடத்துக்கு வந்து நிற்கும், அதனால் இந்த எண்ணை வைத்துக் கண்ணாடியை விலக்காதீர்கள், அதற்கு லென்ஸ்தான். உள்ளே பொந்து இருக்கிற கல்லிலும் கணக்கு தப்பும்.

ஆறாம் படி: சாயம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சந்தையில் இருக்கும் அகேட்டில் சாயம் ஏறியது ஏராளம், அதை யாரும் குற்றமாகவும் நினைப்பதில்லை. குற்றம், சொல்லாமல் விற்பதுதான்.

அகேட் நுண்துளைகள் உள்ள கல். அதிலும் எல்லா வரியும் ஒரே மாதிரி உறிஞ்சாது, சில வரி குடித்துத் தள்ளும், இறுக்கமான வெள்ளை வரி வாயையே திறக்காது. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரின் கல் வெட்டும் தொழிலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள். அங்கிருந்து பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தவர்கள் ரியோ கிராண்டே டோ சுல் பகுதியில் பெரிய பெரிய அகேட் முண்டுகளைக் கண்டு ஊருக்கு அனுப்ப, அவற்றில் பெரும்பாலானவை மந்தமான சாம்பல் நிறமாக இருக்க, சாயத் தொட்டிக்கு வேலை வந்தது. கறுப்புக்கு வழி: கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போட்டால், வரிக்குள் புகுந்த சர்க்கரை கரியாகிவிடும். இன்று கிடைக்கும் கறுப்பு ஓனிக்ஸில் (இது அகேட் வகைதான், முன்பு சொன்ன கால்சைட் அல்ல) பெரும்பகுதி இந்தச் சமையல்தான். நீலத்துக்கு இரும்பு உப்புகளால் கல்லுக்குள்ளேயே பிரஷ்யன் நீலம் உண்டாக்குவார்கள், பச்சைக்குக் குரோமியம், சிவப்புக்கு இரும்பு உப்பும் சூடும். பளீர் ரோஸ், ஊதா போன்றவை கரிமச் சாயங்கள், அவை வெயிலில் வெளுக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? முதலில் நிறமே சொல்லிவிடும்: ஹைலைட்டர் பேனா ரோஸ், மிட்டாய் ஊதா, மயில்கழுத்து நீலம் இயற்கை அகேட்டில் கிடையாது. இயற்கையில் நீலம் உண்டு, நமீபியாவின் புளூ லேஸ் அகேட் மாதிரி, ஆனால் அது பால் கலந்த வெளிர் நீலம். அடுத்து விரிசல்களைப் பாருங்கள், சாயம் விரிசலுக்குள் ஓடித் தங்கி அடர்ந்த கோடாக நிற்கும். நடுவில் உள்ள படிகங்களைப் பாருங்கள், படிகம் சாயத்தை உறிஞ்சாது, ஆனால் படிகத்துக்குப் படிகம் இடையிலுள்ள இடுக்கில் நிறம் தேங்கியிருக்கும். வெளித்தோலையும் பாருங்கள். என் நீல வில்லையில் என்னை விழிக்கவைத்தது தோல்தான்: பழுப்பாக இருக்க வேண்டிய வெளிப்பாறையின் குழிகளில் எல்லாம் அதே நீலம் அப்பியிருந்தது. எந்த இயற்கையும் கல்லின் உள்ளேயும் வெளியேயும் ஒரே வாளியில் முக்கி எடுக்காது. அதை ஜன்னலோரமாகக் காகிதம் பறக்காமலிருக்க எடையாக வைத்திருக்கிறேன், நீலம் இன்றுவரை மங்கவில்லை, கனிம உப்புச் சாயம் போலிருக்கிறது.

அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம். நிறம் பஞ்சில் ஏறினால் சாயம் உறுதி. ஏறாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை, கனிம உப்புச் சாயங்கள் அசிட்டோனுக்கு அசையாது. பலர் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் பழுப்பு இரும்புள்ள அகேட்டைச் சூடாக்கினால் சிவக்கும், பூமிக்கடியிலும் வெயிலிலும் இதே மாற்றம் தன்னால் நடப்பதுண்டு. வெறும் கண்ணால் பிரிப்பது மிகக் கடினம், நான் முயற்சி செய்வதில்லை. இடத்தின் நிறம் என்ன என்று தெரிந்த ஊர்க் கல்லாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பேன், இல்லையென்றால் சிவப்புக்காக அதிகப் பணம் கொடுக்க மாட்டேன்.

ஏழாம் படி: விரிசல், பசை, எண்ணெய்

கல்லை டிஷ்யூ பேப்பரால் அழுத்தித் துடையுங்கள். பேப்பரில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் யாரோ கீறலையோ விரிசலையோ மூடப் பார்த்திருக்கிறார்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு மறுபடி பாருங்கள்.

பிறகு தண்ணீரையே நமக்குச் சாட்சியாக மாற்றலாம். கல்லை ஒரு நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்துத் துணியால் நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள். மேற்பரப்பு காய்ந்துவிடும், விரிசல் மட்டும் காயாது, முடிபோல ஈரக் கோடாக நிற்கும். கல்லை விற்கப் பயன்பட்ட அதே ஈரம் இப்போது அதைக் காட்டிக்கொடுக்கும். கோடு ஓரத்தில் ஆரம்பித்து ஓரத்திலேயே முடிந்தால் பெரிய கவலை இல்லை. முகத்தின் நடுவை வெட்டிக்கொண்டு போனால் மதிப்பு சரியும். பழைய விரிசல் ஒன்று அகேட்டாலேயே மறுபடி நிரம்பி ஒட்டியிருந்தால் அது குறை அல்ல, கல்லின் வரலாறு. அதில் ஈரம் நிற்காது, வரிகள் மட்டும் படி இறங்கியதுபோல் விலகித் தெரியும், இதைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் ஒரு சுற்று. எபாக்ஸி பசை பெரும்பாலும் வெளிர் நீலமாக மின்னும், ஒட்டிய கல்லில் அந்தக் கோடு தனியாகத் தெரியும். சில அகேட்டுகள் தாமாகவே பச்சையாக ஒளிரும், அது உள்ளிருக்கும் மிகச் சிறிதளவு யுரேனியத்தால், வரியோடு வரியாக வரும். கோடா வரியா என்று பாருங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலிஷைப் பார்க்க, மேலே உள்ள டியூப்லைட்டின் பிம்பம் கல்லின் முகத்தில் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். பிம்பம் நேர்க்கோடாக, கூர்மையான ஓரத்தோடு இருந்தால் நல்ல கை. ஆரஞ்சுத் தோல் மாதிரி நடுங்கினால் அவசர வேலை. பிம்பம் நன்றாக இருந்தும் நகத்தால் ஓரத்தைச் சுரண்டும்போது ஏதாவது ஏடாகப் பெயர்ந்தால் அது பாலிஷே இல்லை, வார்னிஷ்.

எட்டாம் படி: என்ன வகை என்று பெயர் வைப்பது

மதிப்புக்கு வகை முக்கியம், ஆனால் சந்தையில் புழங்கும் நூறு பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது கோட்டை அகேட்: மேலிருந்து பார்த்த கோட்டை மதில் போல மூலைமூலையாகத் திரும்பி, ஒன்றுக்குள் ஒன்றாக நடுவை நோக்கிப் போகும் வரிகள். நீர்மட்ட அகேட்டில் வரிகள் சுவரைப் பின்பற்றாமல் தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல் கிடையாகப் படிந்திருக்கும். இவை கறுப்பு வெள்ளையாக நேராக இருந்தால் ஓனிக்ஸ், சிவந்த பழுப்பும் வெள்ளையுமாக இருந்தால் சார்டோனிக்ஸ். கண் அகேட்டில் வட்டத்துக்குள் வட்டம், சின்னக் கண்கள் கல்லின் தோலிலேயே உட்கார்ந்திருக்கும். குழாய் அகேட்டில் நீளக் குழாய்களை வரிகள் சுற்றியிருக்கும். ஊசி ஊசியாக வேறு கனிமம் விசிறிபோல் நீட்டிக்கொண்டிருந்தால் சாஜெனைட். லேஸ் அகேட்டின் வரிகள் சரிகைக் கரைபோல நெளிந்துகொண்டே ஓடும்.

தனியாகச் சொல்ல வேண்டியது ஐரிஸ் அகேட். வரிகள் மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் நெருங்கியிருக்கும்போது, மெல்லிய வில்லையாக அறுத்து ஒளிக்கு எதிரே பிடித்தால் வானவில் நிறம் முழுதும் வரும். வெறும் மேசையில் வைத்தால் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் கிடக்கும். பின்னொளியை நான் மன்னிக்கும் ஒரே கல் இதுதான்.

நீர் அடைபட்ட கல்லைச் சாய்த்தால் உள்ளே குமிழி ஓடும். துளை போட்டு நிரப்பியவையும் வருவதால், ஓட்டை அடைத்த புள்ளி எங்காவது தெரிகிறதா என்று சுற்றிலும் லென்ஸில் தேடுங்கள்.

ஒன்பதாம் படி: ஊர்

அகேட் உலகில் ஊர்ப் பெயருக்கு விலை உண்டு. மெக்சிகோவின் சிவாவா மாநிலத்து லகூனா அகேட் சிவப்பும் ரோஸும் நெருங்கிய வரிகளோடு வரும், சேகரிப்பாளர்கள் அதற்கென்று தனி அலமாரி வைப்பார்கள். சுப்பீரியர் ஏரி அகேட் சுமார் 110 கோடி ஆண்டு பழைய எரிமலைப் பாறையில் பிறந்து, பனிப்பாறைகளால் இழுத்து வரப்பட்டது, இரும்பின் சிவப்பு அதன் முகவரி, 1969-இல் மினசோட்டா அதைத் தன் மாநில ரத்தினமாக அறிவித்தது. தெற்கு டகோட்டாவின் ஃபேர்பர்ன் அகேட் 1966-இல் அந்த மாநிலத்தின் ரத்தினமானது, பல்பல்லாகத் திரும்பும் கோட்டை வரிகளுக்குப் பேர்போனது. போட்ஸ்வானா அகேட் சாம்பல், வெள்ளை, பழுப்பு ரோஸ் கலந்து மிக மெல்லிய வரிகளோடு இருக்கும். அர்ஜென்டினாவின் காண்டோர் அகேட் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று பண்டிகைக் கோலத்தில் வரும்.

ஆனால் பெயரை விற்பது சுலபம். எந்த ஊர் என்று சொன்னாலும், அந்த ஊர்க் கற்களின் ஐம்பது படங்களையாவது பார்த்துவிட்டு, தோல், நிறம், வரியின் தடிமன் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய சேகரிப்பிலிருந்து வந்த கையெழுத்துச் சீட்டு ஒன்று கல்லோடு இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. சீட்டில்லாத ஊர்ப் பெயரை நான் வதந்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன், கல்லே சாட்சி சொன்னாலொழிய.

பத்தாம் படி: மதிப்பு

இப்போதுதான் விலைக்கு வருகிறோம். வரிசையாகப் பாருங்கள், கல் காய்ந்திருக்கட்டும்.

வரிதான் முதல். எத்தனை வரி என்பதைவிட எவ்வளவு கூர்மை, பக்கத்து வரியிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்பது பெரிது. கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பார்க்கும்போதே வரி தெரிகிறதா? கிட்டத்தில் கொண்டுவரும்போது இன்னும் புதுசாக ஏதாவது தெரிகிறதா? இரண்டும் ஆம் என்றால் நல்ல கல். கோட்டை வரிகள் நடுவரை நிரம்பிப் போயிருந்தால் மிகவும் விரும்புவார்கள், நடுவில் பெரிய வெறும் குவார்ட்ஸ் குழி இருந்தால் பெரும்பாலும் குறைவு. கல்லைச் சாய்க்கும்போது வரிகளின் மேல் நிழல் ஒன்று அலைபோல நகர்ந்தால், அதை நிழல் அகேட் என்பார்கள், அதற்குக் கூடுதல் கேட்பது நியாயம். படத்தில் வராத குணம் என்பதால் விற்பவருக்கே தெரியாமல் இருக்கும் வாய்ப்பும் உண்டு, அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி.

அடுத்து நிறம். இயற்கையான சிவப்பு, ஊதா, மஞ்சள், இவை ஒரே கல்லில் எதிரும் புதிருமாக வந்தால் விலை ஏறும். சாம்பலும் வெள்ளையும் மட்டும் என்றால் வரி அசாத்தியமாக இருக்க வேண்டும்.

பிறகு முழுமை. முழு முண்டும், வெட்டிய இரண்டு பாதியும் ஜோடியாக இருப்பதும், தோல் சேதமாகாமல் முகம் மட்டும் பாலிஷ் ஆனதும் சேகரிப்பாளர் விருப்பம். டம்ளர் என்ற உருட்டு இயந்திரத்தில் போட்டு எல்லாப் பக்கமும் உருட்டிய கல் கைக்குச் சுகம், ஆனால் சேகரிப்புச் சந்தையில் கீழ்ப்படி, பெரும்பாலும் எடைக்குத்தான் போகும். அளவைச் சொல்லும்போது முகத்தின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள், முகம் சின்னதாகவும் பின்னால் பாறை தடித்தும் இருக்கிற கல்லை எடையில் சொல்லி விற்பது பழைய தந்திரம்.

விலை எண்ணுக்கு எப்படிப் போவது? கேட்கும் விலைகளைத் தள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மூன்று வருடமாக விற்காமல் கிடக்கும் கல்லின் விலை வெறும் ஆசை. ஏலத் தளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் வடிகட்டி, அதே ஊர், கிட்டத்தட்ட அதே முக அளவு, அதே மாதிரி வேலைப்பாடு உள்ள பத்துக் கற்களைப் பட்டியல் போடுங்கள். மிக உயர்ந்த ஒன்றையும் மிகத் தாழ்ந்த ஒன்றையும் அடித்துவிட்டு, மீதி எட்டை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இரண்டு விலைகளின் சராசரியை எடுங்கள். இதிலிருந்து ஏற்றி இறக்குங்கள்.

என் கணக்கு இப்படி, உங்களுடையது மாறலாம்: முகத்தின் நடுவே திறந்த விரிசல் என்றால் பாதிக்கும் கீழே. பசை போட்டு ஒட்டியது என்றால் கால்வாசி, அதுவும் ஊர் அரிதாக இருந்தால். சாயம் என்றால் இந்தப் பட்டியலிலேயே இல்லை, அது அலங்காரப் பொருள் கணக்கு. மோசமான பாலிஷ் என்றால் மறுபடி பாலிஷ் போட ஆகும் செலவையும் அதன் தொல்லையையும் கழித்தால் போதும், கல் நல்லதாக இருந்தால் இது ஒரு வாய்ப்பு. நம்பத்தகுந்த பழைய சீட்டுக்கு ஏற்றம். வெட்டாத கல்லை மட்டும் இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, அல்லது டார்ச் வைத்துப் பார்த்து நன்றாகவே தெரிந்துதான் வெட்டாமல் விற்கிறார். போனால் போகட்டும் என்று கொடுக்கக்கூடிய தொகைக்கு மேல் போக வேண்டாம்.

நீங்களே வெட்டிப் பார்ப்பதாக இருந்தால் தண்ணீர் ஓடும் வாளில் மட்டும், முகமூடியோடு. உலர்வாக அறுத்தால் பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கிவிடும், சிலிக்கோசிஸுக்கு மருந்து கிடையாது.

விற்கும்போதும் வைத்திருக்கும்போதும்

விற்கிறவர் நீங்கள் என்றால் உலர்ந்த கல்லைப் பகல் வெளிச்சத்தில், அளவுகோல் பக்கத்தில் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். பின்னொளிப் படம் ஒன்று சேர்க்கலாம், பின்னொளி என்று எழுதிவிட்டு. ஈரக்கோட்டுச் சோதனையில் விரிசல் தெரிந்தால் அதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், திரும்பி வரும் பார்சலைவிட அது மலிவு.

வைத்திருக்கிறவர் என்றால் நீர் அடைபட்ட கல்லையும் சாயக் கல்லையும் வெயிலில் வைக்காதீர்கள், ஒன்று வறண்டு போகலாம், மற்றது வெளுக்கலாம். கற்களை ஒன்றோடொன்று உரச விடாதீர்கள், அகேட்டை இன்னொரு அகேட்டே கீறிவிடும். ஒவ்வொரு கல்லின் பின்பக்க ஓரத்திலும் வெள்ளைப் பெயின்டில் சின்னப் பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய பேனாவால் எண் போடுங்கள். அதே எண்ணில் ஒரு சீட்டு: ஊர், யாரிடமிருந்து எப்போது வந்தது, முக அளவு, எடை, என்னென்ன சோதனை செய்தீர்கள், என்ன கொடுத்தீர்கள். கல்லோடு வந்த பழைய சீட்டு கிழிந்து கறுத்துப் போயிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், உங்கள் சீட்டை அதற்குப் பின்னால் வையுங்கள்.